மூடி வேண்டாத பெட்டி

கிளாக்கர் வாகீசனுக்கு அந்த வருசம் இரண்டு கவலைகள். ஒன்று பலகை, மற்றது அக்கா. பலகையைப் பற்றி வெளியே சொல்ல வெட்கம். அக்காவைப் பற்றிச் சொல்ல ரோசம். இரண்டையும் நெஞ்சுக்குள் போட்டுப் பூட்டிக்கொண்டு மனிசன் நாரந்தனை வீதியில் வேட்டி மடிப்புக் கலையாமல் நடந்து திரிந்தார்.

அக்கா இராசமணி ஒன்றும் கடல் கடந்து இருக்கவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார். காலையில் அவர் கோழியைக் கூப்பிடுகிற சத்தமும் பின்னேரம் இருமுகிற சத்தமும் வாகீசனின் விறாந்தைக்குத் தெளிவாகக் கேட்கும். ஆனால் பேச்சு இல்லை. இராசமணியின் மகள் நிலாந்தினி, தான் விரும்பின பெடியனைத்தான் கட்டுவேன் என்று நின்றபோது, தாய்மாமன் என்கிற மிதப்பில் வாகீசன் சபை நடுவே எழும்பி, “இந்தக் கலியாணம் நடந்தால் நான் உங்கடை நன்மை தின்மைக்கு இல்லை” என்று சொல்லிவிட்டார். கேட்டுக்கொண்டு சும்மா இருக்க இராசமணி என்ன ஊமையா? “சரி. நீ செத்துக் கிடந்தாலும் உன்ரை வாசல் மிதிக்கமாட்டன்” என்று அவரும் சொன்னார். கலியாணம் நடந்தது. நிலாந்தினி இப்போது பிரான்சில் பிள்ளைகளோடு சந்தோசமாக இருக்கிறாள்; மருமகன் தங்கமான பெடியன் என்று ஊரே சொல்கிறது. பிழை தன்னுடையது என்று வாகீசனுக்கும் தெரியும். தெரிந்து என்ன, வாயைத் திறக்க வேண்டுமே! அந்த இருமலைக் கேட்கும்போதெல்லாம் “அக்கா, மருந்து எடுத்தனீங்களோ?” என்ற கேள்வி நாக்கு நுனிவரை வரும். அங்கேயே நின்றுவிடும்.

ஆள் அப்படி. பிரதேச செயலகத்தில் கிளாக்கராக இருந்து இளைப்பாறியவர், கோயில் சபைத் தலைவர். சாத்திர சம்பிரதாயத்தில் மயிரிழை பிசகினாலும் விடமாட்டார். ஒருமுறை ஒரு செத்த வீட்டில், அதே சபையில் இருக்கிற ஆழ்வாப்பிள்ளை எழும்பும்போது பழக்கதோசத்தில் “போட்டு வாறன்” என்று சொல்லிவிட்டார். பிடித்தார் வாகீசன். “என்ன காணும், செத்த வீட்டிலை நிண்டு போட்டு வாறன் எண்டுறீர்? நீர் திரும்பி வாறதுக்கு இஞ்சை இன்னொரு சாவு விழவேணுமோ? பேசாமல் எழும்பிப் போம்!” சனத்துக்கு முன்னால் வாங்கின அந்தப் பேச்சுக்குப் பிறகு, எவர் வீட்டில் இருந்து புறப்பட்டாலும் ஆழ்வாப்பிள்ளை வாயை இறுக்கிக்கொண்டுதான் போவார்.

இப்படிப்பட்ட கிளாக்கர் அறையைச் சாத்திவிட்டு விளையாட்டு றெயின் விடுகிறார் என்று தெரிந்தால் ஊர் சும்மா விடுமா?

ஓம், றெயின்தான். தண்டவாளத்தையே காணாத தீவில் றெயின். லண்டனில் இருக்கும் மகன் சுதன் வந்து நின்றபோது ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்தான். கட்டைவிரல் உயரத்தில் ஓர் என்ஜின், அதற்குப் பின்னால் பூட்ட வண்டிகள், துண்டு துண்டாய்த் தண்டவாளம். “பொழுது போகும் அப்பா” என்றான். “என்ன கண்டறியாத சாமானடா இது” என்று வாகீசன் முகத்தைச் சுளித்தார். மகன் விமானம் ஏறிய அடுத்த நாளே நிலத்தில் குந்தியிருந்து தண்டவாளத்தைப் பூட்டினார். என்ஜின் புறப்பட்டு ஒரு வளைவு சுற்றித் தன்னிடமே திரும்பி வந்தபோது அவர் முகத்தில் வந்த சிரிப்பை, மனைவி சீதேவி தன் கலியாணத்தன்றுகூடக் கண்டதில்லை.

ஆனால் சீமெந்து நிலம் மேடும் பள்ளமும். எறும்பு, மணல் வேறு. ஆடாமல் அசையாமல் கால் ஊன்றி நிற்கிற ஒரு மேசைச் சட்டம் வேண்டும். அதற்கு மேல் தண்டவாளம் படுக்க மெத்தென்று ஏதாவது வேண்டும். பிடித்தது சனியன்.

முதலில் பிளைவூட். யாழ்ப்பாணத்தில் வாங்கிப் பஸ்ஸின் கூரையில் ஏற்றிக்கொண்டு வந்தார். வெயில் காலம் முழுக்க நல்ல பிள்ளையாகக் கிடந்தது. கார்த்திகை மழை தொடங்கியதும் காற்றில் இருந்த ஈரத்தைக் குடித்து அப்பளம் போல நெளிந்தது. ஒட்டு விட்டு ஓரம் பிரிந்தது. ஓடிக்கொண்டிருந்த என்ஜின் ஓரிடத்தில் எகிறி நிலத்தில் போய் விழ, வாகீசனுக்கு நெஞ்சு ஒரு கணம் நின்றே போனது.

அடுத்தது பனை. தீவானுக்கு வேறு எந்த மரம் நினைவில் வரும்? பழைய வீட்டுக் கூரையில் இருந்து கழற்றின சலாகைகள் பின்வளவில் அடுக்கிக் கிடந்தன. கறுத்த வைரம்; கறையான் மணந்து பார்த்துவிட்டுப் போய்விடும். ஆணி அடித்தால் ஆணி வளைந்தது, துளை போட்டால் அலகு முறிந்தது, சிராய் உள்ளங்கையில் ஏறியது. அத்தனையும் பொறுத்து ஒரு சட்டம் கட்டி முடித்தார். ஒரு மழை நாள் அறையைத் திறந்தால், ஐயோ கடவுளே, மரம் முழுக்க வெள்ளை பூத்திருக்கிறது! தொட்டு நாக்கில் வைத்தார். உப்பு. பூச்சி அரியாமல் இருக்கட்டும் என்று அந்தக் காலத்து ஆட்கள் மாதக்கணக்காய்க் கடற்சேற்றில் புதைத்து எடுத்த மரம் அது. வெயிலுக்கு அடங்கிக் கிடந்த உப்பு மழைக்கு வியர்த்து வழிந்ததில் ஆணியெல்லாம் துரு, வயர் நுனியெல்லாம் பச்சைக் களிம்பு. தன் பரம்பரையின் கெட்டித்தனமே தன் றெயினுக்கு எமனாய் வரும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்கவில்லை.

பிறகு ரெஜிபோம், அதுதான் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கினால் சுற்றிவர வைத்துத் தருகிற வெள்ளைச் சாமான். பாரமில்லை, நெளியாது, உப்பும் இல்லை. ஆகா என்று செருப்பு ஒட்டுகிற பசையைத் தாராளமாய்ப் பூசித் தண்டவாளத்தை வைத்தார். பசை ரெஜிபோமைத் தின்னத் தொடங்கியது. கண்ணுக்கு முன்னாலேயே புஸ்ஸென்று உருகிப் பள்ளம் விழுந்து, தண்டவாளம் அதற்குள் இறங்கியது. வாகீசன் பேயறைந்தவர் போலப் பசைப் பேணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“அப்பா, பலகைக்கு மேலை கோர்க் ஒட்டிப்போட்டுத்தான் தண்டவாளம் பூட்டவேணும். இல்லாட்டிச் சத்தம் காதைக் கிழிக்கும்” என்று சுதன் போனில் சொன்னான்.

“கோர்க்குக்கு நான் எங்கையடா போறது? சாராயப் போத்தில் மூடியையோ பொறுக்கச் சொல்லுறாய்?”

போத்தில் மூடி பொறுக்கவில்லை, செருப்புப் பொறுக்கினார். வாடைக்காற்றுக் காலத்தில் எந்தெந்தத் தேசத்தாரின் றப்பர்ச் செருப்புகளோ கரையில் ஒதுங்கும், எல்லாம் ஒற்றை. அந்த றப்பர் தண்ணீர் குடிக்காது, உப்பு ஏறாது, பிளேட்டால் சீவினால் நாடா நாடாவாக வரும். அதை அடியில் வைத்து ஓட்டிப் பார்த்தார். பூனை நடந்த சத்தம்தான் கேட்டது. தண்டவாளத்துக்குப் படுக்கை கிடைத்துவிட்டது என்று கோயில் சபைத் தலைவர் ஒரு துள்ளுத் துள்ளினார்.

அவர் துள்ளினதை ஒருவரும் காணவில்லை. உரப்பையோடு கரை நெடுகக் குனிந்து ஒற்றைச் செருப்புப் பொறுக்கினதை எல்லோரும் கண்டார்கள். சீதேவி, மகளின் பிள்ளைப்பேற்றுக்குக் கொழும்புக்குப் போயிருந்த நேரம் அது. “மனிசி இல்லாமல் கிளாக்கருக்கு மண்டை பிசகிட்டுது” என்றது ஒரு வாய். “இல்லை, உடம்புக்குள்ளை ஏதோ பெரிய வருத்தம், மறைக்கிறார்” என்றது மற்ற வாய். ஊர் வாயை மூட உலைமூடி உண்டோ?

சாப்பாட்டுக்கு மட்டும் அவருக்குக் குறையில்லை. முன்வீட்டுத் துஷாந்தினி மத்தியானம் கரியரில் கொண்டுவந்து தருவாள். சீதேவி செய்துவிட்டுப் போன ஏற்பாடு. ஒருநாள் ஒடியல் கூழைக் குடித்துவிட்டு, “பிள்ளை, அச்சொட்டாய் என்ரை அம்மான்ரை கைப்பக்குவம். ஆரிட்டைப் பழகினனீ?” என்று கேட்டார். துஷாந்தினி வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

பலகைதான் மிச்சம். ஊர்காவற்றுறையில் கதவு, யன்னல், சவப்பெட்டி மூன்றும் செய்கிற இராயப்புவின் பட்டறைக்கு ஒருநாள் போனார். மேலே பரணில் வெளிறின பலகைகள் அடுக்கிக் கிடந்தன.

“உது என்ன மரம், இராயப்பு?”

“மலைவேம்பு ஐயா. தெப்பத்துக்கும் போடுறது. பாரமில்லை, கறையான் தொடாது. நல்லாக் காஞ்சு போச்சு.”

வாகீசன் ஒன்றை இழுத்து ஒற்றைக் கையால் தூக்கினார். ஒரு கண்ணை மூடி விளிம்பு வழியே பார்த்தார். நூல் பிடித்த நேர். கடைசியாகப் பலகையின் நுனியை நக்கினார். இராயப்பு சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

“உப்பில்லை” என்று கிளாக்கர் பெருமூச்சு விட்டார். “இதிலை ரெண்டு சட்டம் அடியும். ஆறடி நீளம், ரெண்டடி அகலம், அரையடி உயரம். அடியிலை குறுக்குச் சட்டம் போடும்.”

இராயப்புவுக்குக் கைப்பழக்கம் வாயில் வந்தது. “மூடி?”

“மூடி வேண்டாம்.”

“ஆருக்கு ஐயா?”

“எனக்குத்தான். ஒருத்தருக்கும் மூச்சு விடாதையும்!”

இராயப்பு சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனிசன். மூச்சு விடவில்லை. சட்டங்களை அடித்து முடித்த அன்று மழை இருட்டிக்கொண்டு வந்தது. நல்ல மரம் நனையக்கூடாதே என்று இரண்டு சட்டத்தையும் வாயோடு வாய் பொருத்திக் கயிற்றால் கட்டினார். மூடுவதற்குக் கைக்கு அகப்பட்டது, சவப்பெட்டிக்கு உள்ளே விரிக்கிற வெள்ளைத் துணி. ஏற்றிச் செல்ல வந்தது, பட்டறையில் இருந்து வழக்கமாகச் சவப்பெட்டி ஏற்றுகிற லாண்ட்மாஸ்டர் உழவு யந்திரம். “கிளாக்கர் வீட்டை இறக்கிப்போட்டு வா. ஒருத்தரோடையும் கதையாதை” என்று சாரதியிடம் சொன்னார். அவன் பாவம், வழக்கம்போல முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, மெல்ல மெல்ல, ஆறடி நீளத்து வெள்ளைப் பெட்டியோடு நாரந்தனைச் சந்தியைக் கடந்தான். கடைக்குள் இருந்தவர்கள் எழும்பி நின்றார்கள். கிளாக்கர் வீட்டில் ஒருவரும் இல்லை. விறாந்தையில் இருக்கை வாங்கு இரண்டை இழுத்துப்போட்டு, பெட்டியை மரியாதையாக வைத்துவிட்டுப் போனான்.

வாகீசன் அந்த நேரம் கரையில். போன் வீட்டு அலுமாரிக்குள். மழைக்கு ஒரு மீன்வாடிக் குடிலுக்குள் ஒதுங்கி நின்று, விட்டதும் செருப்பு நிறைந்த பையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்படலையால் வந்தார். ஊர் சிரிக்கும் என்று பின்படலைதான் அவருக்கு எப்போதும் வழி.

கிணற்றடிக்கு வந்தபோது ஒப்பாரி கேட்டது.

தன் வீட்டுக்குள் இருந்து.

சீதேவி! கொழும்பில் இருந்து செய்தி வந்துவிட்டது. என்ன நடந்தது, வாகனமா, நெஞ்சுவலியா? காலையில் போன் எடுத்தவளை “பிறகு கதைக்கிறன்” என்று கட் பண்ணினேனே! கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். குசினிக் கதவுவரை எப்படி நடந்தார் என்று அவருக்கே தெரியாது. கதவைப் பிடித்தபோதுதான் குரல் தெளிவாக விழுந்தது.

அக்காவின் குரல்.

“வாசல் மிதியன் எண்டு வாயாலை சொன்னதுக்கு
வாசலையே விட்டுப் போட்டியோ என்ரை தம்பி!
மதிலை நீ கட்டினாய் மனசை மறிச்சியோ
நீ தும்மின சத்தமும் எனக்குத்தானே கேட்டது!
துஷாந்தினி கையிலை குடுத்துவிட்ட கூழை
ஆர் காய்ச்சினது எண்டு அறியாமல் குடிச்சியே,
இனி ஆருக்கடா காய்ச்சுவன் என்ரை குஞ்சு!”

வாகீசனுக்கு முதலில் விளங்கியது சீதேவி சாகவில்லை என்பது. அடுத்து விளங்கியது, செத்தது தானேதான் என்பது. தன் உள்ளங்கையைப் பார்த்தார். பனஞ்சிராய் ஏறின காயம் இருந்தது, கிள்ளினால் நொந்தது. மூன்றாவதாக விளங்கினதுதான் அவரை ஆட்டிவிட்டது. கூழ்! இத்தனை நாளும் குடித்த கூழ். கரியரில் வந்த சரக்குக்கறி, முருங்கையிலை வறை, எல்லாம்.

கதவைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்குள் போனார். விறாந்தை நிறையச் சனம். நடுவில் வெள்ளைத் துணி மூடின பெட்டி. அதன் தலைமாட்டில் தலைமயிர் அவிழ, பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி இராசமணி. பிரேதம் யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் இருந்து பிறகு வருமாம், பெட்டி முந்தி வந்துவிட்டதாம் என்று ஆழ்வாப்பிள்ளை ஒருவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

சொல்ல வேண்டியது எத்தனையோ இருந்தது. வாகீசனின் வாயில் வந்தது வருசக்கணக்காய் நாக்கு நுனியில் நின்ற அந்தக் கேள்விதான்.

“அக்கா… இருமலுக்கு மருந்து எடுத்தனீங்களோ?”

துஷாந்தினி வீரிட்டாள். “சிவ சிவா!” என்று ஆழ்வாப்பிள்ளை கதிரையோடு பின்னால் சரிந்தார். படலைப் பக்கம் நின்றவர்கள் படலைக்கு வெளியே நின்றார்கள். அசையாமல் இருந்தது இராசமணி ஒருவர்தான். மெல்ல எழும்பி வந்தார். தம்பியின் முகத்தைத் தடவினார், தோளைத் தொட்டார், நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டார்.

“நீ சாகேல்லையோடா?”

“இல்லை அக்கா.”

“அப்ப இந்தப் பெட்டி ஆருக்கு?”

ஊரே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. இனி மறைத்து என்ன? துணியை இழுத்தார், கயிற்றை அவிழ்த்தார், சட்டங்களைப் பிரித்து வைத்தார். குறுக்குச் சட்டம் போட்ட இரண்டு வெறும் மலைவேம்புச் சட்டங்கள்.

“றெயின் விடுறதுக்கு” என்றார், நிலத்தைப் பார்த்து.

“என்னது?”

“விளையாட்டு றெயின். சுதன் கொண்டுவந்தது. பிளைவூட் நெளிஞ்சு போச்சு. பனை உப்புப் பூத்துட்டுது. அதுதான்…”

தோளில் இருந்த பை அந்த நேரம் பார்த்து நழுவ, உலகத்துச் செருப்பெல்லாம் விறாந்தையில் கொட்டுண்டது. துஷாந்தினிதான் முதலில் தொடங்கினாள், சனம் முழுக்கச் சிரித்தது. ஆழ்வாப்பிள்ளை கதிரையை நிமிர்த்திக்கொண்டு, எத்தனையோ நாள் காத்திருந்தவர் கேட்டார்: “கிளாக்கர், உயிரோடை இருக்கேக்கை பெட்டி எடுக்கிற சம்பிரதாயம் எந்தச் சாத்திரத்திலை காணும் கிடக்கு?” அலுமாரிக்குள் போன் அலறியது. எடுத்தால் சுதன், செய்தி லண்டன்வரை போயிருக்கிறது. “ஆர் கதைக்கிறது?” என்று அழுதான். “நான்தான்டா, அப்பா” என்றதும் இன்னும் பலமாக அழுதான். கொழும்புக்குச் செய்தி போக முந்தி சீதேவிக்கு எடுத்துச் சொல்லடா என்று மகனிடம் கெஞ்சினார்.

எதற்குப் பயந்து இத்தனை நாளும் கதவைச் சாத்தினாரோ அது நடந்து முடிந்துவிட்டது. அதிசயம் என்னவென்றால் அவருக்கு வெட்கமே வரவில்லை. கண் முழுக்க அக்காவிலேயே இருந்தது.

இராசமணி சிரிக்கவில்லை. சுவரோரம் இருந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சனம் கலையத் தொடங்கியது. அதிலும் ஒரு சிக்கல். செத்த வீடு என்று வந்தவர்கள். எப்படிச் சொல்லிக்கொண்டு போவது? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கிளாக்கரின் வாய்க்குப் பயந்து ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆழ்வாப்பிள்ளை வழக்கம்போல உதட்டை இறுக்கிக்கொண்டு இறங்கினார். துஷாந்தினியும் பேசாமல் போனாள்.

கடைசியில் இராசமணி எழும்பினார். அவிழ்ந்த தலையை அள்ளி முடிந்தார். தம்பியைப் பார்க்கவில்லை. ஒன்றும் சொல்லவும் இல்லை. விறாந்தைப் படி இறங்கினார்.

வாகீசன் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். செத்தாலும் மிதியன் என்ற வாசலை, செத்தான் என்று நம்பி மிதித்துவிட்டார். தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்களே, அந்த ஆட்டத்தில் ஓடிவந்தார். இப்போது தம்பி உயிரோடு நிற்கிறான். பழைய கோபமும் உயிரோடுதானே நிற்கும்? செத்த வீட்டில் இருந்து போகிறவரைப் போலவே, சொல்லாமல் பறையாமல் போகிறாரே! ‘நில்லுங்கோ அக்கா, பிழை என்னிலைதான்’ என்று கத்த வேண்டும்போல் இருந்தது. விறாந்தை விளிம்புவரை வந்தார். இராசமணி முற்றத்தைக் கடந்தார். படலையில் கையை வைத்தார்.

அங்கே நின்றார்.

“டேய் தம்பி.”

“ஓம் அக்கா?”

“கூழ் அடுப்பிலை கிடக்கு. உப்புப் போடேக்கைதான் துஷாந்தினி, நீ செத்திட்டாய் எண்டு ஓடிவந்தவள். போட்டனோ இல்லையோ தெரியேல்லை, உருசி பாத்துப்போட்டுக் கொண்டுவாறன். றெயினைப் பூட்டி வை, பாப்பம்.” படலையைத் திறந்தார். ஒழுங்கையில் போய்க்கொண்டிருந்த சனம் முழுக்கக் கேட்கும்படியாக, திரும்பி நின்று உரத்துச் சொன்னார்:

“போட்டு வாறன்!”

ஒழுங்கையில் ஆழ்வாப்பிள்ளை திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். சம்பிரதாயம் தெரிந்த கிளாக்கருக்கு அந்தச் சொல் விளங்கியது. பக்கத்தில் இருந்த சட்டத்தின் மேலேயே தொப்பென்று இருந்து, வாயைப் பொத்தாமல், செத்த வீட்டில் அழுவதுபோல ஓவென்று அழுதார். மலைவேம்பு கொஞ்சமும் நெளியவில்லை.